ரோலர் கோஸ்டர் பைத்தியம்: கடைக்கு வருகிறவர்கள் கேட்பதும் நான் சொல்வதும்

திருகோணமலையில் வள்ளத்து இஞ்சின் திருத்துகிற சின்னக் கடை ஒன்று வைத்திருக்கிறேன். கடைச் சுவரில், நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஒரு படம் தொங்குகிறது. நாலைந்து வெள்ளைக்காரருக்கு நடுவில் நான் வாயைப் பிளந்துகொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, எங்கேயோ விழுந்துகொண்டிருக்கிறேன். ரோலர் கோஸ்டரில், அதாவது மேடு பள்ளமாக வளைந்த தண்டவாளத்தில் ஏறி விழுந்து ஓடுகிற பூங்கா ரயிலில், எடுத்த படம். இஞ்சினைக் கொண்டுவந்து இறக்கிவைக்கிற எல்லாரும் அந்தப் படத்தில்தான் கதை தொடங்குவார்கள். ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லிச் சொல்லி வேலை பிந்துகிறது. ஆகவே ஒரே தடவையாக எழுதி வைக்கிறேன்.

இதுக்காகவே வெளிநாடு போறியளா அண்ணை?

இல்லை தம்பி, இஞ்சின் திருத்தி அவ்வளவு காசு வராது. 2011இல் அபுதாபிக்கு வேலைக்குப் போனேன். ஒரு ஹோட்டலில் பராமரிப்புப் பகுதி, ஆறு வருடம். யாஸ் தீவில் ஃபெராரி வேர்ல்ட் பூங்காவை அதற்கு முந்தைய வருடக் கடைசியில்தான் திறந்திருந்தார்கள். கூட வேலை செய்த மலையாளி ஒருவர் தன் மகனுக்கு எடுத்த ரிக்கெற்றை, மகனுக்குக் காய்ச்சல் வந்ததால் என் கையில் தந்தார். அங்கே ஃபார்முலா ரோசா என்ற கோஸ்டரில் ஏறினேன். அன்றைக்குப் பிடித்த பேய்.

அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும், வானத்தில் தண்டவாளம் ஏதும் வளைந்து தெரிகிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். சிங்கப்பூரில் ஒரு நாள். அக்கா ஸ்காபரோவில் இருப்பதால் கனடாவில் இரண்டு கோடைகாலம். கனடா விசா முதல் தடவை கிடைக்கவில்லை. இரண்டாம் தடவை பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் "அக்காவைப் பார்க்க" என்று மட்டும் எழுதினேன். அதுவும் பொய்யில்லை.

இதுவரைக்கும் எத்தனை?

27. இந்த ஆர்வக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரே கோஸ்டரில் நூறு தரம் ஏறினாலும் ஒன்றுதான் கணக்கு. புதிய தண்டவாளம் ஒவ்வொன்றும் ஒரு "கிரெடிட்". இந்தக் கணக்குப் பைத்தியத்தில், வளர்ந்த ஆட்கள் குழந்தைகளின் கம்பளிப்பூச்சி ரயிலில்கூட முழங்காலை நாடியில் முட்டிக்கொண்டு குந்தியிருப்பார்கள். என் 27இல் அப்படி மூன்று இருக்கிறது. மருமகப் பெடியனை மடியில் வைத்துக்கொண்டு ஏறியதாகத்தான் வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

இலங்கையில எங்க இருக்கு?

பெயர் சொல்கிற மாதிரிப் பெரிதாக ஒன்றும் இல்லை. கார்னிவல் வரும்போது ராட்டினமும் மரணக்கிணறும் வரும், அவ்வளவுதான். சின்ன வயதில் உவர்மலை இறக்கத்தில் சைக்கிளை மிதிக்காமல், பிரேக்கும் பிடிக்காமல் விட்டிருக்கிறோமே, அதை நான் என்னுடைய கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால் 28.

சரி, ஏறினதில எது திறம்?

இதற்குத்தான் பதில் நீளும். இஞ்சினை இறக்கிவைத்துவிட்டு இருங்கள்.

முதலில் என் அளவுகோல் என்ன என்று சொல்லவேண்டும். சல்லிக் கிராமத்தில் என் தாய்மாமா கடற்றொழில் செய்தவர். பள்ளிக்கூட விடுமுறையில் அவருடைய வள்ளத்தில் முன்னுக்கு, அணியத்துப் பக்கம் இருந்து போவேன். ஐப்பசிக் கடைசியில், வாடை பிடிக்குமுன் கடல் புரளத் தொடங்குகிற நாட்களில், வள்ளம் ஒரு திரையின் முதுகில் ஏறி மறுபக்கம் விழும். விழும்போது என் உடம்பு கொஞ்சம் பிந்தி விழும். அந்தக் கண நேரத்தில் பலகைக்கும் எனக்கும் இடையில் ஒரு கை நுழைகிற அளவு இடைவெளி இருக்கும். வயிறு நெஞ்சுக்கு வரும். ஆங்கிலக்காரர் இதற்கு எயார்டைம் என்று பெயர் வைத்து, கோடிக்கணக்கில் காசு செலவழித்து இரும்பில் கட்டியிருக்கிறார்கள். மாமா சும்மா காட்டினார்.

ஆகவே எனக்கு உயரமும் வேகமும் இரண்டாம் பட்சம். எத்தனை தரம் இருக்கையை விட்டு எழும்பினேன், எவ்வளவு நேரம் எழும்பி நின்றேன் என்பதுதான் கணக்கு. அந்தக் கணக்கில் முதலாவது பெஹிமொத். ரொறன்ரோவுக்கு வடக்கே வோன் நகரில் கனடாஸ் வொண்டர்லாண்ட் என்ற பூங்கா இருக்கிறது, 1981இல் திறந்தது. அங்கே 2008இல் கட்டினார்கள். உயரம் 70 மீற்றர், வேகம் மணிக்கு 124 கிலோமீற்றர். தலைகீழாகப் போவது ஒன்றுகூட இல்லை. மேடு, பள்ளம், மேடு, பள்ளம், கடைசியில் திரும்பி அதே மாதிரி மேடு பள்ளமாக வீடு வருவது. பூட்டு என்று தோளில் ஒன்றும் இல்லை. தொடைக்கு மேல் வந்து நிற்கிற ஒரு பிடி மட்டும். பெட்டியில் முன்னால் இரண்டு இருக்கை நெருக்கமாக, பின்னால் இரண்டு அகலமாக. பின்னுக்கு இருப்பவருக்கும் முன்னால் வெறும் வானம். ஒவ்வொரு மேட்டிலும் தொடை அந்தப் பிடியில் முட்டுகிற வரைக்கும் எழும்பி, அப்படியே மிதந்து போவீர்கள். முதல் தடவை இறங்கியபோது எனக்குச் சல்லிக் கடல் மணத்தது. சும்மா சொல்லவில்லை. மூக்கில் உப்பு மணம். பிறகுதான் விளங்கியது, முன் வரிசைக்காரர் உருளைக்கிழங்குப் பொரியல் பையை மடியில் ஒளித்துக்கொண்டு ஏறியிருக்கிறார்.

அதே பூங்காவில் வாசலுக்கு மேலாகவே ஓடுகிறது லெவயதன். 2012. 93 மீற்றர், 148 கிலோமீற்றர், 80 பாகையில் செங்குத்தாக விழும். இங்கேதான் எனக்கும் அக்காவின் மகனுக்கும் சண்டை. அவனுக்கு லெவயதன் தெய்வம். "மாமா, 93 மீற்றர் மாமா! கனடாவிலயே அப்படி ஒன்று இருக்கேல்லை!" என்று தொலைபேசியில் கத்துவான். "தம்பி, பனை உயரமெண்டா நுங்கு இனிக்குமோ?" என்பேன். முதல் விழுகை அற்புதம், மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த வேகத்தை முழுக்கப் பெரிய வளைவுகளில் செலவழித்துவிடுகிறார்கள். வளைவில் உடம்பு இருக்கைக்குள் அழுந்தும், எழும்பாது. ஊதாரித்தனம் என்பது என் கருத்து. அவனுக்கு 19 வயது, அவன் கருத்து மாறும்.

இரண்டாம் இடம் ஃபெராரி வேர்ல்டில் 2016இல் வந்த ஃப்ளையிங் ஏசஸ். தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் சிறகு மாதிரி வெளியே நீட்டிய இருக்கைகள், காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. 63 மீற்றருக்குக் கம்பியால் படுவேகமாக இழுத்து ஏற்றும். மற்ற கோஸ்டர்களில் ஏறும்போது சாமி கும்பிட நேரம் கிடைக்கும், இதில் அதுவும் கிடையாது. 52 மீற்றரில் ஒரு வளையம், அதற்குப் பிறகு சின்னச் சின்ன மேடுகள். அந்த மேடுகளுக்காகவே அபுதாபியில் என் கடைசி வருடத்தில் ஐந்து தரம் போனேன்.

மூன்றாவது யூகொன் ஸ்ட்ரைக்கர், திரும்பவும் கனடா, 2019. இதில் பிடித்தது மூன்று செக்கன் மட்டும்தான். உச்சியில் ஏறி, விளிம்பைத் தாண்டி, முகம் குப்புறக் கீழே பார்த்தபடி ரயில் நிற்கும். நேர் கீழே ஒரு குளம். குளத்துக்கு நடுவில் ஒரு சுரங்க வாய். அதற்குள்தான் விழவேண்டும், 90 பாகையில். நாங்கள் எல்லாரும் கோணேசர் மலையில் இராவணன் வெட்டுப் பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே கடலை எட்டிப் பார்த்திருக்கிறோம். பாறையில் அலை அடிக்கிற சத்தம் பிந்தி வந்து சேரும். கால் பெருவிரல் தானாக மடியும். அந்த மடிப்புத்தான் இங்கேயும். வித்தியாசம் என்னவென்றால் கம்பியை அங்கே நாங்கள் பிடிக்கிறோம், இங்கே கம்பி எங்களைப் பிடிக்கிறது. மூன்று செக்கனுக்குப் பிறகு விட்டுவிடும். மிச்ச ஓட்டம் நல்லதுதான், எனக்கு நினைவில்லை.

அப்ப ஃபார்முலா ரோசா? அதுதானே உலகத்திலயே வேகம் எண்டு சொன்னீங்கள்?

2010இல் திறந்தபோது உலகத்திலேயே வேகமானது அதுதான். மணிக்கு 240 கிலோமீற்றர். நின்ற இடத்தில் இருந்து அந்த வேகத்துக்கு ஏறக்குறைய ஐந்து செக்கனில் போகும். உச்சிக்கு இழுத்து ஏற்றுகிற சங்கிலியும் இல்லை, அதற்கான மேடும் இல்லை. நீர்ம அழுத்தத்தில் சுழலும் பெரிய உருளை ஒன்று கம்பியைச் சுருட்டி ரயிலை இழுத்து எறியும். விமானந்தாங்கிக் கப்பலில் விமானத்தை எறிவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி போடாமல் ஏறவிடமாட்டார்கள். பாலைவன மணலும் பூச்சியும் அந்த வேகத்தில் கண்ணில் பட்டால் கண் போகும்.

அந்த முதல் ஐந்து செக்கனை யாரும் மறக்கமாட்டார்கள். கன்னம் காதுக்குப் போய்விடும். எதிர்க்காற்று, அதுவும் ஆடி மாதத்து வளைகுடாக் காற்று, கன்னியா வெந்நீர்க் கிணற்று வாளியை முகத்தில் ஊற்றினது மாதிரி. ஆனால் அதற்குப் பிறகு? வேகமாகப் போகிற கார். நல்ல கார், ஆனாலும் கார்தான். என் பட்டியலில் ஐந்தாவது, லெவயதனுக்கும் கீழே. முதல் காதல் என்பதால் ஆறாவதுக்கு இறக்க மனம் வரவில்லை.

இப்போது வேகத்துக்குச் சவுதி அரேபியாவில் கிதியாவைப் பாருங்கள். ஃபால்கன்ஸ் ஃப்ளைட் என்று 195 மீற்றர் உயரத்துக்கும் 250 கிலோமீற்றர் வேகத்துக்கும் கட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவில் நியூ ஜேர்சியில் 2005இல் இருந்து நின்ற கிங்டா கா, 139 மீற்றர், அதைப் பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டிருந்தேன். 2025 பெப்ரவரியில் வெடிவைத்து விழுத்திவிட்டார்கள். விழுகிற வீடியோவை மருமகன் அனுப்பினான். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை.

இஞ்சின் இல்லாம எப்படி ஓடுது?

இஞ்சின்காரனிடம் கேட்கவேண்டிய கேள்வி இது. பழைய முறையில், சங்கிலி ரயிலை உச்சிக்கு இழுத்து விட்டுவிடும். அதோடு சங்கிலியின் வேலை முடிந்தது. பிறகு முழுக்கப் பூமியின் இழுவைதான். உச்சியில் சேர்த்த உயரத்தை வேகமாக மாற்றி, வேகத்தைத் திரும்ப அடுத்த மேட்டின் உயரமாக மாற்றி, ஒவ்வொரு தடவையும் உரசலிலும் காற்றிலும் கொஞ்சம் இழந்து, கடைசியில் வந்து சேரும். அதனால்தான் அப்படிப்பட்ட கோஸ்டரில் முதல் மேடே பெரிய மேடு.

கணக்கு விருப்பமான பிள்ளைகளுக்கு: 93 மீற்றரில் இருந்து ஒரு பொருளைப் போட்டு, காற்றைக் கணக்கில் எடுக்காவிட்டால், நிலத்தைத் தொடும்போது மணிக்கு ஏறக்குறைய 154 கிலோமீற்றர் வரும். லெவயதன் 148. அத்தனை சில்லும் அத்தனை ஆட்களின் தலைமயிரும் காற்றை உரசியும் இழந்தது ஆறு கிலோமீற்றர்தான். எனக்கு அதைப் பார்த்துப் பொறாமை. நான் திருத்தி அனுப்புகிற இஞ்சின் எண்ணெயில் பாதிச் சக்தியை வெறும் சூடாகத்தான் வெளியே விடுகிறது.

இன்னொன்று. சில்லுகளுக்கு வெளியே ஒருவகைப் பிளாஸ்டிக் பூச்சு உண்டு. காலையில் அது குளிர்ந்து இறுகியிருக்கும், ஓட ஓடச் சூடாகி இளகும். அதனால் அதே கோஸ்டர் காலை பத்து மணிக்கு ஒரு மாதிரி, மாலை ஆறு மணிக்கு இன்னும் கெதியாக. ஆர்வக்காரர்கள் பின்னேரம்தான் வரிசையில் நிற்பார்கள். காலையில் ஓடிப்போய் முதல் ஆளாக ஏறுவது புதுசுகள்.

தலைகீழாப் போகேக்க விழமாட்டமா?

வாளியில் தண்ணீர் எடுத்து வேகமாகச் சுழற்றினால் ஊற்றாதே, அதுதான். வேகம் போதுமானால், பூட்டு இல்லாவிட்டாலும் இருக்கைதான் உங்களைத் தாங்கும். ஆனால் பூட்டு இருக்கிறது, கவலைப்படவேண்டாம்.

வளையத்தைப் பற்றி ஒரு கதை சொல்லவேண்டும். நியூயோர்க் கோனி தீவில் 1895இல் சுத்தமான வட்டமாக ஒரு வளையம் கட்டினார்கள். ஏறினவர்களுக்குக் கழுத்து நொந்துபோனது. காரணம், வட்டத்துக்குள் நுழைகிற இடத்தில்தான் வேகம் அதிகம். அந்த இடத்திலேயே வளைவும் திடீரென்று தொடங்கினால் உடம்பு முழுப் பாரத்தையும் ஒரே அடியில் வாங்கும். கிட்டத்தட்ட எண்பது வருடம் பிந்தி, 1976இல் கலிபோர்னியாவில் ரெவலூஷன் என்ற கோஸ்டருக்கு ஜேர்மன் பொறியியலாளர் வேர்னர் ஸ்ரெங்கெல் கணக்குப் போட்டார். அடியில் அகலமான வளைவு, உச்சியில் இறுக்கமான வளைவு. நீர்த்துளியைத் தலைகீழாக நிறுத்தினது போல. இன்றைக்கு எந்தப் படத்தைப் பார்த்தாலும் வளையம் வட்டமாக இராது, கவனித்துப் பாருங்கள்.

முன் சீட்டா பின் சீட்டா?

என் பதில்: கடைசி வரிசை. முன்னால் இருப்பவர் உச்சியைத் தாண்டும்போது ரயில் இன்னும் மெதுவாகத்தான் போகிறது, ஏனென்றால் பாதி ரயில் இந்தப் பக்கம் ஏறிக்கொண்டிருக்கிறது. கடைசி வரிசை உச்சிக்கு வரும்போது முன் பாதி ஏற்கெனவே விழத் தொடங்கிவிட்டது. சாட்டையின் நுனி மாதிரி உங்களைப் பிடுங்கி இழுக்கும். ஆனால் யூகொன் ஸ்ட்ரைக்கரில் மட்டும் முன் வரிசை. அந்தக் குளத்தைப் பார்க்காவிட்டால் ஏறிப் பயனில்லை.

மரத்தில செய்ததும் இருக்காம், உண்மையோ?

இருக்கிறது. கனடாவில் மைட்டி கனடியன் மைன்பஸ்டர், பூங்கா திறந்த 1981இலேயே கட்டினது. மரப்பலகைகளை அடுக்கி, மேலே இரும்புத் தகடு வைத்த தண்டவாளம். மரம் கொஞ்சம் அசைந்து கொடுக்கும். அசைவு உடைந்துவிடும் என்பதற்கான அறிகுறி இல்லை, அது அப்படித்தான் இருக்கவேண்டும். ஓட்டம் எப்படி என்றால், கிரவல் றோட்டில் சாரதிக்குக் கோபம் வந்த பஸ்ஸின் கடைசி சீட். ஆச்சிமார் மாதிரி மரியாதை வைத்து ஒரு தடவை ஏறினேன். நாரி இரண்டு நாள் நொந்தது.

ஆர் கண்டுபிடிச்சது இதையெல்லாம்?

ரஷ்யாவில் பனிக்காலத்தில் மரச்சட்டத்தில் ஐஸ் உறையவைத்துச் சறுக்கினார்கள். பிரெஞ்சுக்காரர் இன்றைக்கும் இதை "ரஷ்ய மலை" என்றுதான் சொல்வார்கள். 1884இல் லமார்க்கஸ் தொம்சன் என்பவர் அதே கோனி தீவில் ஐந்து சதத்துக்கு ஓட்டினார். வேகம் மணிக்கு பத்துக் கிலோமீற்றர் அளவுதான். உவர்மலை சைக்கிள் அதை வெட்டிப்போடும்.

கழண்டு விழுந்தா?

அம்மா கேட்பதும் இதுதான். பெட்டியின் சில்லைக் கிட்டப் போய்ப் பாருங்கள். மேலே ஓடுகிற சில்லு ஒன்று, பக்கத்தில் அணைத்து ஓடுகிற சில்லு ஒன்று, தண்டவாளத்துக்கு அடியில் ஒன்று. மூன்றும் சேர்ந்து குழாயைக் கவ்விப் பிடித்திருக்கும். அடியில் இருக்கிற அந்தச் சில்லுக்கு ஜோன் மில்லர் என்ற அமெரிக்கர் 1919இல் காப்புரிமை எடுத்தார். அதற்குப் பிறகுதான் எயார்டைம் என்கிற சங்கதியே பிறந்தது. அதற்கு முன் மேட்டில் வேகமாகப் போனால் ரயில் உண்மையாகவே எழும்பிப் போய்விடும்.

ஏறும்போது கேட்கிற டக் டக் டக் சத்தம் ஏதோ உடைகிற சத்தம் என்று எல்லாரும் பயப்படுவார்கள். அது பல்லில் கொக்கி விழுகிற சத்தம். சங்கிலி அறுந்தாலும் ரயில் பின்னுக்கு வராது.

பிரேக் இன்னும் அழகு. காந்தங்களுக்கு இடையில் செம்புத் தகடு ஓடும்போது தகட்டுக்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகி, அதுவே இழுத்துப் பிடிக்கும். ஒன்றையொன்று தொடவே தொடாது. தேயாது. முக்கியமாக, வெளியில் இருந்து கரண்ட் தேவையில்லை. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டுப் பார்த்த நாட்டுக்காரனுக்கு இதைவிட ஆறுதல் வேறென்ன?

விபத்து நடக்காது என்று சொல்லவில்லை. இங்கிலாந்தில் ஓல்ற்றன் ரவர்ஸ் பூங்காவில் 2015இல் ஸ்மைலர் என்ற கோஸ்டரில், ஆட்கள் ஏறிய ரயில் ஒன்று பாதையில் நின்ற வெற்று ரயிலோடு மோதியது. இரண்டு இளம் பெண்கள் ஆளுக்கொரு காலை இழந்தார்கள். தண்டவாளத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதிக்குள் ஒரு ரயில்தான் என்று கணினி காவல் காக்கும். அன்றைக்கும் கணினி மறித்தது. முன்னால் பாதை வெறுமை என்று நினைத்து ஆட்கள் அந்த மறிப்பை நீக்கிவிட்டு அனுப்பினார்கள். அதனால் நான் பயப்படுவது இரும்புக்கு இல்லை. ஓட்டுகிற பெடியன்கள் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு பூட்டை இழுத்துப் பார்க்காமல் விட்டால், இறங்கிவிடுவேன். எங்கள் பக்கத்துக் கார்னிவல் ஒன்றில் ராட்டினத்துக்குப் பூட்டு என்று சாரம் கிழித்த துணியைக் கட்டிவிட்டார்கள். இறங்கிவிட்டேன். சனம் சிரித்தது, "கனடாவில பறந்தவர் இதுக்குப் பயப்படுறார்" என்று. சிரிக்கட்டும்.

சத்தி வராதா?

எனக்கு வந்ததில்லை. ஆனால் சுற்றுகிற ராட்டினத்தில் வரும். வயிற்றைக் குழப்புவது சுழற்சிதான், விழுகை இல்லை. வெறும் வயிற்றோடும் போகவேண்டாம், புட்டும் சம்பலும் அமுக்கிவிட்டும் போகவேண்டாம். இரண்டு இடியப்பம் போதும். தலையைப் பின்பலகையில் சாய்த்து வைத்து, போகிற திசையைப் பாருங்கள். கண்ணை மூடினால் மோசம். சுவரில் உள்ள படத்தில் நான் மூடியிருக்கிறேனே என்றால், அது கமராவின் பிழை.

பிள்ளைத்தாய்ச்சிகள், இருதய வருத்தக்காரர், கழுத்து நாரி வருத்தம் உள்ளவர்கள் ஏறவே கூடாது. பெரிய கோஸ்டர்களுக்கு உயரக் கட்டுப்பாடு உண்டு. ஃபார்முலா ரோசாவுக்கு 1.4 மீற்றர். பிள்ளைக்குக் குதி உயர்ந்த சப்பாத்துப் போட்டு ஏமாற்றப் பார்க்காதீர்கள். பூட்டு அந்த உடம்பளவுக்குத்தான் செய்திருக்கிறது.

ஒற்றைச் செருப்போட வந்த கதை?

யார் சொன்னது? சரி. ஒரு பூங்காவில் கால் தொங்குகிற வகைக் கோஸ்டர். செருப்பைக் கழற்றி வைக்கச் சொன்னார்கள். வார்ச் செருப்புத்தானே, நிற்கும் என்று நினைத்தேன். இரண்டாவது சுற்றில் இடது செருப்பு போனது. அது போகிறதை நான் கண்ணால் பார்த்தேன். எனக்கு மேலே இருந்தது, பிறகு கீழே இருந்தது, பிறகு இல்லை. போதாக்குறைக்குத் தோள் பூட்டு இரண்டு காதிலும் மாறி மாறி அடித்து, இறங்கும்போது காது இரண்டும் செவ்வரத்தம்பூ. அக்கா வாசலில் பார்த்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி: "மற்றச் செருப்பை ஏன்ரா இன்னும் போட்டிருக்கிறாய்?"

திருமலையில இருந்து முதல் தரம் போறதெண்டா எங்க போகலாம்?

கிட்ட என்றால் சென்னை. அங்கே இப்போது வொண்டர்லா வந்திருக்கிறது, கால் தொங்குகிற தண்டோரா என்ற கோஸ்டரோடு. செய்தது பொலிகர் அன்ட் மபிலார்ட் என்கிற சுவிஸ் நிறுவனம். என் பெஹிமொத், லெவயதன், யூகொன் ஸ்ட்ரைக்கர் மூன்றும் அவர்களுடையதுதான். நான் இன்னும் ஏறவில்லை, அடுத்த கணக்கு அதுதான். மும்பைக்கும் புனேக்கும் இடையில் இமாஜிக்கா பூங்காவில் நைட்ரோ இருக்கிறது, அதுவும் அதே ஆட்கள்.

சிங்கப்பூர் போனால் யுனிவர்சல் ஸ்டூடியோஸில் பேட்டில்ஸ்டார் கேலக்டிக்கா. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தண்டவாளம். ஒன்றில் இருந்து போகலாம், மற்றதில் தொங்கிக்கொண்டு போகலாம். தொங்குகிறதில் ஏறுங்கள். வளைகுடாவில் வேலை செய்கிற பெடியன்கள் யாஸ் தீவைத் தவறவிடவேண்டாம். ஃபார்முலா ரோசாவில் ஒரு தரம், மிச்ச நேரம் முழுக்க ஃப்ளையிங் ஏசஸ். கனடாவில் சொந்தம் இருந்தால் கோடையில் போங்கள். பனிக்காலத்தில் போனால் கோஸ்டரை வெளியில் நின்று படம் எடுத்துக்கொண்டு வரலாம்.

இங்க ஒண்டு கட்டினா என்ன?

கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் உப்புக்காற்று. நான் திருத்துகிற இஞ்சின்களில் பாதி கெட்டுப்போவது ஓடியதால் இல்லை, உப்புப் பிடித்ததால். கடலோரத்தில் கோஸ்டர் கட்டின ஊர்கள் உலகத்தில் நிறைய உண்டு, அவர்கள் வருடம் முழுக்கப் பூச்சுப் பூசிக்கொண்டே இருப்பார்கள். இங்கே ஒரு பாலத்துக் கைப்பிடிக்குப் பூச்சுப் பூசவே எத்தனை கடிதம் போடவேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும்.

காசில்லாம இந்த எழும்புற எழும்பலைப் பாக்க வழியில்லையோ?

இருக்கிறது என்றுதான் தொடக்கத்திலேயே சொன்னேனே. புரட்டாசி கழிந்து, நிலாவெளிப் பக்கம் சுற்றுலாக்காரர் குறைந்து, கடல் கொஞ்சம் புரளத் தொடங்கும்போது, தெரிந்த தொழிலாளி ஒருவரோடு கிட்டக் கடலுக்குப் போய் வாருங்கள். வாடை நன்றாகப் பிடித்த பிறகு வேண்டாம், அவர்களே போகமாட்டார்கள். லைஃப் ஜாக்கெட் போடுங்கள். கோஸ்டரில் கடைசி வரிசை என்றேன், வள்ளத்தில் மாறி, அணியத்துப் பக்கம் இருங்கள், அங்கேதான் கூட எழும்பும். பலகையைப் பிடிக்கவேண்டாம், விரல் நசியும். பக்கத்தில் கயிறு இருக்கும், அதைப் பிடியுங்கள். காலைச் சாப்பாடு கரைக்கு வந்த பிறகு. நடுவில் இஞ்சின் நின்றால் என்னைக் கூப்பிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடை பூட்டு.